கொட்டு திறந்த கதவு

ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து நியூயார்க் மேடையில் நின்றுவிட்டால் அவர் கதையை பாஸ்டனில் தொடங்குவார்கள். பெர்க்லீ இசைக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது, படித்தார், பெரியவர்கள் கண்ணில் பட்டார், தொழில்முறைக் கலைஞரானார். முடிஞ்சது. அதற்கு முன்னால் அந்த மனிதருக்கு ஊர் இல்லை, அப்பா இல்லை, சோறு போட்ட கருவி இல்லை. கல்லூரிதான் பெற்றுப் போட்டது மாதிரி எழுதுவார்கள்.

கொலம்பியாவில் பிறந்து ஜாஸில் பேர் வாங்கியவர்களைப் பற்றி சில வருசமாகத் தேடிப் படித்து வருகிறேன். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் யார் யாரை வேலைக்குச் சேர்த்தார்கள், யார் கையிலிருந்து கூலி வந்தது என்று பார்க்க இசைக்குறிப்பு எதற்கு? அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கதை பாஸ்டனில் தொடங்கவில்லை என்று தெரியும்.

கார்த்தஹேனாவில் தொடங்குவோம். ஸ்பானியப் பேரரசு ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி விற்ற முக்கியத் துறைமுகம் அது. இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிற கோட்டைச் சுவர்களுக்குள்தான் மனிதர்களைத் தடவிப் பார்த்து விலை பேசினார்கள். தப்பி ஓடியவர்கள் காட்டுக்குள் வேலி கட்டி ஊர் அமைத்தார்கள். அப்படி நிலைத்த சான் பசிலியோ ஊருக்கு இன்றும் தனி மொழி உண்டு, தனிக் கொட்டு உண்டு. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1851இல் வந்தது. 1852 ஜனவரி 1 முதல் நடைமுறை. நட்ட ஈடு கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலையானவர்களுக்குக் காணி நிலமும் இல்லை, கைக்காசும் இல்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

அந்த மக்களும், நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடிகளும் கலந்து வாழ்ந்த கரீபியக் கரையோரத்தில்தான் கும்பியாவும் பொர்ரோவும் பிறந்தன. கருவிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காய்த்தா என்பது நீண்ட ஊதுகுழல். கள்ளிச்செடியின் தண்டைக் குடைந்து செய்வது. தலைப்பக்கம் தேன்மெழுகையும் கரித்தூளையும் பிசைந்து ஒரு கட்டி. அதில் வாத்து இறகின் குழாய்தான் ஊதுவாய். எப்போதும் ஜோடியாகத்தான் ஊதுவார்கள். பெண் காய்த்தாவுக்கு ஐந்து துளை, அதில் மெட்டு. ஆண் காய்த்தாவுக்கு இரண்டே துளை. அதை ஒரு கையால் பிடித்து ஊதிக்கொண்டே மறுகையால் கிலுக்கை ஆட்டுவார். கூட மூன்று கொட்டு: கையால் அடிக்கிற, ஆப்பு அடித்துக் கயிறு இறுக்கிய ‘அலெக்ரே’, விடாமல் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடித்து மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற சின்ன ‘யமதோர்’, பேருக்கே அழைப்பவன் என்றுதான் அர்த்தம், இரண்டு பக்கமும் தோல் கட்டி குச்சியால் அடிக்கிற ‘தம்போரா’. குழல் பழங்குடியுடையது, கொட்டு ஆப்பிரிக்கருடையது. கரும்பு வெட்டியவர்களும் மாடு மேய்த்தவர்களும் வாசித்தார்கள். யாரும் இவர்களை வித்வான் என்று அழைத்ததில்லை.

இந்த இசையை நாட்டின் மேட்டுக்குடி என்னவாகப் பார்த்தது? 1936இல் இபாகே நகரத்தில் தேசிய இசை மாநாடு நடந்தது. அதில் தானியேல் சமூதியோ என்ற இசையமைப்பாளர், ரும்பா கறுப்பர்களின் இசை, அது குரங்குத்தனமானது, தேசிய இசையில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று வாதாடினார். படித்தவர்கள் கூடிய சபையில்! அவர்களுக்குத் தேசிய இசை என்றால் மலைநாட்டு பம்பூகோதான். அதற்கும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹோர்ஹே இசாக்ஸ் 1867இலேயே ‘மரியா’ நாவலில் பம்பூகோவின் வேரே ஆப்பிரிக்காதான் என்று எழுதிவைத்துவிட்டார். தேசியவாதிகளுக்கு அது கடைசிவரை தொண்டையில் சிக்கிய முள்.

இந்த இடத்தில்தான் ஜாஸ் வருகிறது. பாஸ்டன் வழியாக இல்லை, துறைமுகத்தின் வழியாக. கரையோரத்துக்கு அமெரிக்கக் கப்பல்கள் வந்தன, வாழைப்பழக் கம்பெனி வந்தது, இசைத்தட்டுகள் வந்தன. 1920களிலேயே கார்த்தஹேனாவில் ‘ஜாஸ் பேண்ட் லோர்துய்’ என்று ஒரு குழு இருந்தது. கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் ஏற்கெனவே ஊர்களில் பட்டாளத்து பேண்டு, திருவிழா பேண்டு வழியாகப் பழகியவைதான். ஊர்த் திருவிழாவில் காளை விளையாட்டுக்கு வாசிக்கிற பித்தளை பேண்டுகள் பொர்ரோவை எடுத்து ஊதிக்கொண்டிருந்தன.

லூச்சோ பெர்மூதெஸ் அந்த வழியில் வந்தவர். 1912இல் எல் கார்மென் தெ பொலிவாரில் பிறந்தார். கிளாரினெட்காரர். கரையோரத்துப் பொர்ரோவையும் கும்பியாவையும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். அமெரிக்க ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராக்கள் மாதிரி சாக்ஸபோன் வரிசை, டிரம்பெட் வரிசை, ஒரே மாதிரி கோட்டு. 1940களில் பொகோத்தாவுக்குப் போனார். குரங்குத்தனம் என்று முகம் சுளித்த வர்க்கத்தின் பிள்ளைகள் கிளப்புகளில் அதே தாளத்துக்கு ஆடினார்கள். எப்படி ஒத்துக்கொண்டார்கள்? கோட்டு போட்டதால் ஒத்துக்கொண்டார்கள். தோல் கொட்டுகள் பின்னுக்குப் போய் டிரம் செட் முன்னுக்கு வந்ததால் ஒத்துக்கொண்டார்கள். காய்த்தாவின் இடத்தில் கிளாரினெட். பெர்மூதெஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா என்ற உடுப்பு இல்லாமல் அந்த இசை அந்த வாசலைத் தாண்டியிருக்காது, அதுதான் உண்மை. அவருக்கு அது தெரிந்திருந்தது. சம்பளமும் வந்தது. நூற்றுக்கணக்கான இசைக்காரர்களுக்கு எழுதின இசையைப் பார்த்து வாசிக்கிற பழக்கம் இந்த ஆர்க்கெஸ்ட்ராக்களில்தான் கிடைத்தது. கொலம்பியாவின் உண்மையான ஜாஸ் கல்லூரி இதுதான் என்று நான் சொல்வேன். சான்றிதழ் மட்டும் கிடையாது.

இனி வெளிநாடு போனவர்கள்.

ஹூஸ்தோ அல்மாரியோ 1949இல் சின்செலேஹோவில் பிறந்தார். பொர்ரோ பேண்டுகளின் பூமி அது. அப்பா லிச்சோ அல்மாரியோவும் இசைக்காரர். பையன் இளம் வயதிலேயே சாக்ஸபோனோடு ஒரு கொலம்பியக் குழுவில் அமெரிக்கா போய் வாசித்தான். பெர்க்லீ உதவித்தொகை அதற்குப் பிறகுதான். அதாவது கல்லூரிக்குள் நுழைந்தபோதே அவர் கூலி வாங்கி வாசிக்கிற தொழிலாளி. அதற்கப்புறம் அவரைச் சேர்த்துக்கொண்டு தன் குழுவின் இசைப் பொறுப்பையே கொடுத்தவர் மோங்கோ சாந்தாமரியா.

யார் இந்த மோங்கோ? ஹவானாவின் கறுப்பர் சேரியான ஹெசுஸ் மரியாவில் 1917இல் பிறந்தவர். தபால்காரராக வேலை பார்த்தவர். கொங்கா வாசிப்பவர். ஆப்பிரிக்கக் கொட்டுகளோடு தெருவில் ஊர்வலம் போக ஹவானாவில் தடை போட்டிருந்த காலத்தில் வளர்ந்தவர். 1950இல் நியூயார்க் வந்து, 1959இல் ‘ஆஃப்ரோ ப்ளூ’ பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேன் முதல் எல்லோரும் அதை எடுத்து வாசித்தார்கள். கொட்டுக்காரர் முதலாளி, சாக்ஸபோன்காரர் சம்பளக்காரர். ஜாஸில் வழக்கமாக கொங்காவுக்கு ஓரத்தில்தான் இடம். இங்கே வரிசை தலைகீழ்.

இன்னொருவரைப் பாருங்கள். எடி மார்த்தினெஸ், பியானோக்காரர், தெற்கே மலைநகரமான பாஸ்தோவில் 1942இல் பிறந்தவர். அவருக்கு நியூயார்க்கில் பேர் வாங்கிக் கொடுத்தது ரே பரெட்டோவின் குழு. 1973இல் வந்த ‘இன்டெஸ்ட்ரக்டிபிள்’, அதே வருசம் முழுக்க ஜாஸாகவே வந்த ‘தி அதர் ரோட்’ இரண்டிலும் பியானோ அவர்தான். பரெட்டோ யார்? போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மகன், புரூக்ளினில் 1929இல் பிறந்தவர், கொங்கா. இருபது வருசம் கழித்து அதே பரெட்டோ ‘நியூ வேர்ல்ட் ஸ்பிரிட்’ என்று ஜாஸ் குழு வைத்தபோது அதில் பியானோ வாசித்தவர் எக்தோர் மார்த்தின்யோன். பொகோத்தாவில் பிறந்து, ஜெர்மனியில் முறையாக இசை படித்து வந்தவர். அவ்வளவு படித்தவருக்கும் நியூயார்க்கில் வேலை கொடுத்தது ஒரு கொட்டுக்காரர்தான்.

இது தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1947இல் டிஸ்ஸி கில்லெஸ்பி தன் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் சானோ போஸோ என்ற கியூபக் கறுப்பரைக் கொங்காவோடு கொண்டுவந்து நிறுத்தினார். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத மனிதர். ஆங்கிலமும் வராது. அடுத்த வருசமே ஹார்லெம் மதுக்கடையில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த ஒரு வருசத்தில் அவர் திறந்துவிட்டுப் போன கதவு வழியாகத்தான் ஸ்பானிய மொழி பேசுகிற நாடுகளின் இசைக்காரர்கள் ஜாஸுக்குள் வந்தார்கள். ஜெர்மனியில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்த பரெட்டோ, போஸோவும் கில்லெஸ்பியும் சேர்ந்து செய்த ‘மன்தேக்கா’வைக் கேட்டுத்தான் கொங்கா பக்கம் திரும்பினார். எனவே வரிசை இது: போஸோ, மோங்கோ, பரெட்டோ, அவர்களுக்குப் பின்னால் அல்மாரியோ, மார்த்தினெஸ், மார்த்தின்யோன். சாதனையாளர் பட்டியல் போடுகிற புத்தகங்களில் கடைசி மூன்று பேருக்குத் தனித்தனி வாழ்க்கைக் குறிப்பு இருக்கும். வரிசை இருக்காது.

கசப்பான இன்னொரு பக்கமும் இருக்கிறது. கொலம்பியாவிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் சாக்ஸபோன்காரர்கள், பியானோக்காரர்கள். எழுதின இசையைப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்நாட்டின் கறுப்பு ஊர்களிலிருந்து அலெக்ரே வாசித்தவரோ ஆண் காய்த்தா ஊதியவரோ அந்த வழியில் போய் நியூயார்க்கில் குழு வைக்கவில்லை. தாளம் போச்சு, தாளக்காரர் போகவில்லை. நியூயார்க்கில் கொங்கா என்றால் கியூபாவும் போர்ட்டோ ரிக்கோவும்தான். அங்கே போன கொலம்பியர்கள் முதலில் கியூபாவின் தாளத்தைக் கற்றுக்கொண்டுதான் சம்பாதிக்க முடிந்தது. தங்கள் ஊர் தாளத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பொகோத்தாவிலிருந்து போன கொங்காக் கலைஞர் சாமுவேல் தோர்ரெஸ், எடி மார்த்தினெஸின் சொந்தக்காரப் பையன், அவருக்கும் முதலில் பெரிய வேலை கியூபாவின் டிரம்பெட்காரர் அர்துரோ சந்தோவால் குழுவில்தான்.

ஊர்க் கொட்டுக்காரர்களை உலகத்துக்குக் கூட்டிப் போக முயற்சியே நடக்கவில்லையா என்றால், நடந்தது. ஜாஸ்காரர்கள் செய்யவில்லை. ஒரு கறுப்பு எழுத்தாளரும் அவர் தங்கையும் செய்தார்கள். மானுவேல் சபாத்தா ஒலிவேயா, மருத்துவர், நாவலாசிரியர். தெலியா சபாத்தா ஒலிவேயா, நடனக் கலைஞர். 1950களில் இவர்கள் சான் ஹசின்தோ ஊரின் காய்த்தாக்காரர் தோன்யோ பெர்னாந்தெஸையும் அவர் கூட்டாளிகளையும் சேர்த்துக் குழு அமைத்து ஐரோப்பா, சோவியத் யூனியன், சீனா என்று சுற்றி வந்தார்கள். சொந்த நாட்டுத் தலைநகரத்தில் மதிக்காதவர்களை மாஸ்கோவில் உட்கார்ந்து கேட்டார்கள். அதே மானுவேல்தான் 1977இல் காலி நகரத்தில் அமெரிக்கக் கண்டத்துக் கறுப்புப் பண்பாட்டின் முதல் மாநாட்டைக் கூட்டினார். அந்த வருசமே நியூயார்க்கில் சார்லஸ் மிங்கஸ், ஏறக்குறைய 28 நிமிடம் ஓடுகிற ‘கும்பியா அண்டு ஜாஸ் ஃப்யூஷன்’ பதிவு செய்தார். அமெரிக்கக் கறுப்பு மேதை ஒருவர் கும்பியாவைத் தேடி எதிர்த்திசையில் வந்த சம்பவம். இரண்டும் ஒரே வருசத்தில் நடந்ததை எந்த ஜாஸ் புத்தகமும் சேர்த்து எழுதி நான் பார்க்கவில்லை.

எத்மார் காஸ்தானேதா கதை கொஞ்சம் வேறு. 1978இல் பொகோத்தாவில் பிறந்தவர். கருவி, கிழக்குச் சமவெளியின் ஹார்ப். நம்ம யாழின் ஒன்றுவிட்ட சொந்தம். நாங்கள் வகுப்பில் யாழைப் பாட்டில் மட்டும்தான் பார்த்தோம். அங்கே மாடு ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் மீட்டுகிறார்கள். ஸ்பெயினிலிருந்து பாதிரிமாரோடு வந்த கருவி, பண்ணையாட்கள் கைக்கு வந்து குணமே மாறிப்போனது. கோவிலில் மெல்ல ஒலித்தது, சமவெளியில் கொட்டு மாதிரி அடிபட்டது. இவர் அப்பாவும் ஹார்ப் கலைஞர், நியூயார்க்கில் பிழைத்துக்கொண்டிருந்தார். 1994இல் பதினாறு வயதில் பையனும் அங்கே போனான். பள்ளியில் ஹார்ப் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. டிரம்பெட் எடுத்து ஜாஸ் படித்தான். ராத்திரி ஒரு உணவு விடுதியில் சாப்பிடுகிறவர்களுக்கு ஹார்ப் வாசிக்கிற வேலை. பகலில் டிரம்பெட்டில் கற்றதை ராத்திரி ஹார்ப்பில் போட்டுப் பார்த்தான். தட்டும் கரண்டியும் சத்தம் போடுகிற இடத்தில், யாரும் காது கொடுக்காத நேரத்தில், இடது கை பாஸ் கிடாராகவும் வலது கை பியானோவாகவும் மாறிய வாசிப்பு அப்படித்தான் உருவானது. பின்னர் கியூபாவின் பகீத்தோ தெரிவேரா மேடைக்குக் கூட்டிப்போனார். ஜாஸில் அந்த ஹார்ப்புக்கு முன்மாதிரியே இல்லை. அதனால் யாரும் ‘இது தப்பு’ என்று சொல்லவும் முடியவில்லை!

ஊரில் இருந்துகொண்டே செய்தவர்களில் முக்கியமானவர் அந்தோனியோ அர்னேதோ. 1963இல் பொகோத்தாவில் பிறந்தவர், சாக்ஸபோன். பெர்க்லீயில் படித்தவர்தான். ஆனால் அப்பா ஹூலியோ அர்னேதோ, லூச்சோ பெர்மூதெஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர். பார்த்தீர்களா, மறுபடியும் அந்தச் சான்றிதழ் இல்லாத கல்லூரி. கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே வந்த தாளத்தை மகன் கோட்டைக் கழற்றிவிட்டுத் தேடினார். 1996இல் ‘திராவெசியா’ தொடங்கி 2000இல் ‘கொலொம்பியா’ வரை நான்கு ஆல்பம். பம்பூகோ, கும்பியா, பசிபிக் கரையின் தாளம் எல்லாவற்றையும் கியூபாவின் சட்டகத்தில் அடைக்காமல் நேரடியாக ஜாஸில் வைத்தார். பொகோத்தாவின் இளைஞர்களுக்கு அது ஒரு திறப்பு. கொட்டுக்காரர் இருக்கையில் உட்கார்ந்தவர் சதோஷி தகெய்ஷி, கொலம்பியாவில் சில காலம் வாழ்ந்து தாளம் கற்ற ஜப்பானியர். அருமையான கலைஞர், சந்தேகமில்லை. இருந்தாலும் அந்த இருக்கையை நான் கவனிக்காமல் போக முடியவில்லை.

அந்த 2000ஆம் வருசத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெர்மூதெஸ் பிறந்த எல் கார்மென் தெ பொலிவார் எல்லைக்குள் எல் சலாதோ என்று ஒரு ஊர். புகையிலை விளைவித்த சின்ன ஊர். பிப்ரவரி 16 முதல் 21 வரை துணை ராணுவக் கும்பல்கள் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்து 60 பேரைக் கொன்றன. எல் சலாதோவில் மக்களை மைதானத்துக்கு இழுத்து வந்து, ஊர்ப் பண்பாட்டு மன்றத்தில் இருந்த கொட்டுகளையும் காய்த்தாவையும் எடுத்து வந்து, ஒவ்வொரு கொலைக்கும் நடுவில் வாசித்தார்கள். வரலாற்று நினைவுக் குழு 2009இல் வெளியிட்ட அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. மக்கள் காலி செய்துவிட்டு ஓடினார்கள். மோந்தெஸ் தெ மரியா என்கிற அந்த மலைப்பகுதி முழுவதும், காய்த்தா பிறந்த சான் ஹசின்தோ உட்பட, அந்த ஆண்டுகளில் இடப்பெயர்வில் கிடந்தது. பொகோத்தாவில் வருசா வருசம் ஜாஸ் விழா நடந்துகொண்டிருந்தது. இரண்டு உலகமும் ஒரே தாளத்தில்தான் இயங்கின.

2002இல் எல் சலாதோவுக்கு ஒரு பகுதியினர் திரும்பினார்கள். தெருவெல்லாம் புதர் மண்டிக் கிடந்தது, வெட்டிச் சுத்தம் செய்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. 2007இல் சான் ஹசின்தோவின் காய்த்தாக்காரர்கள் ‘உன் ஃபுவேகோ தெ சாங்க்ரே பூரா’ ஆல்பத்துக்காக லத்தீன் கிராமி விருது வாங்கினார்கள். நாட்டுப்புற இசைப் பிரிவில்.

கேட்க விரும்புகிற தோழர்கள் அந்த ஆல்பத்திலிருந்தே தொடங்கலாம். அடுத்து பெர்மூதெஸின் பழைய பொர்ரோ எதையாவது கேட்டுவிட்டு மிங்கஸின் அந்த 28 நிமிடத்துக்குப் போங்கள். அர்னேதோவும் காஸ்தானேதாவும் பிறகு. முதல் ஆல்பத்தில் பாட்டையும் மெட்டையும் விட்டுவிட்டு, அடியில் ஒரே அடியை அடித்துக்கொண்டிருக்கிற அந்தச் சின்னக் கொட்டை, யமதோரை, காதால் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற தட்டுகளில் அது எந்தக் கருவிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடலாம். மிங்கஸ் தட்டில் எனக்கு அது அகப்பட மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.